ஓலைப்பெட்டிக்கு மூலை எங்கிருந்து வருகிறது? இழைக்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு விளக்கம்

பனையோலைப் பெட்டி ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். அதில் பசை இல்லை, ஆணி இல்லை, சுவர்களில் தையலும் இல்லை. தட்டையாக இருந்த ஓலை நான்கு மூலைகளோடு நிமிர்ந்து நின்று அரிசியைத் தாங்குகிறது. இது எப்படி நடக்கிறது என்பது புரிந்துவிட்டால் இழைக்கக் கற்பதில் பாதி தூரம் கடந்துவிட்டீர்கள். மீதியைக் கை தானாகப் பழகித்தான் கற்க வேண்டும். அதை எழுத்தால் தர முடியாது. முதல் பாதியைத் தரலாம். திருகோணமலையில் சுளகில் அரிசி புடைத்த வீடுகளிலும், நீத்துப்பெட்டியில் பிட்டு அவித்த வீடுகளிலும் வளர்ந்த பலருக்குக்கூட அந்தப் பாதியை யாரும் உட்கார்ந்து விளக்கியதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாரும் ஓலையும் புல்லும் கொண்டு செய்யும் வேலைகள் பார்வைக்கு நூறு வகை. அடிப்படையில் அவை மூன்றே செயல்கள்: திரிப்பது, சுற்றிக் கட்டுவது, குறுக்கும் நெடுக்குமாக இழைப்பது. எதைச் செய்வது என்பதை நாம் விரும்பியபடி தீர்மானிக்க முடியாது. கையில் இருக்கும் பொருள்தான் அதைத் தீர்மானிக்கிறது.

மெல்லியதாக, தனித்தனி இழையாக வரும் பொருளைத் திரிக்கத்தான் முடியும். தென்னந்தும்பு அப்படிப்பட்டது, மரலிலிருந்தும் கற்றாழையிலிருந்தும் எடுக்கும் நாரும் அப்படியே. கயிற்றின் நுட்பம் தெரியாதவர்கள் அதை முறுக்கப்பட்ட நார் என்று மட்டும் நினைக்கிறார்கள். ஒரு பக்கமாக முறுக்கிய நாரைக் கையிலிருந்து விட்டால் உடனே பிரிந்துவிடும். கயிறு அப்படிப் பிரிவதில்லை. காரணம், அதில் இரண்டு முறுக்குகள் எதிரெதிராக நிற்கின்றன. புரி எனப்படும் இரண்டு நார்க்கற்றைகளையும் தனித்தனியே வலப்பக்கமாக முறுக்குகிறோம். பிறகு அவற்றை ஒன்றோடொன்று சேர்த்து இடப்பக்கமாக முறுக்குகிறோம். ஒவ்வொரு புரியும் தன் முறுக்கை அவிழ்க்கப் பார்க்கிறது. அந்த முயற்சியே சேர்ந்த கயிற்றை இன்னும் இறுக்குகிறது. ஊறவைத்த தும்பில் கொஞ்சம் எடுத்துத் தொடையில் வைத்து உருட்டிப் பாருங்கள். உள்ளங்கையை முன்னே தள்ளும்போது புரிகள் முறுகும், பின்னே இழுக்கும்போது இரண்டும் சேர்ந்துகொள்ளும். அந்த முன்னும் பின்னும் கைக்கு வந்துவிட்டால் கயிறு உங்களுக்கு வந்துவிட்டது.

சுற்றிக் கட்டுவது விறைப்பான, கட்டாகச் சேரக்கூடிய பொருளுக்கு ஏற்றது. வைக்கோலையோ பழைய ஓலையையோ வளையமாகச் சுற்றிக் கட்டினால் பானை வைக்கும் திருகணை. ஈர்க்கை வரிசையாக வைத்து நாரால் பிணைத்தால் இடியப்பத் தட்டு. இதைப் பற்றி இங்கே இவ்வளவு போதும்.

மூன்றாவது செயல் இழைப்பது. தட்டையாகவும் நீளமாகவும் மடித்தால் முறியாமலும் இருக்கும் பொருள் இதற்கு வேண்டும். பன், தாழை, தென்னோலை, பனையோலை எல்லாம் இதற்குள் வரும். கிழக்கின் குளக்கரைகளிலும் சதுப்பு நிலங்களிலும் வளரும் பன்னை அறுத்து உலர்த்திப் பாய் இழைப்பார்கள். தென்னோலை கிடுகாகும். பனையோலைக்கு மட்டும் கணக்கே இல்லை: பாய், தடுக்கு, பெட்டி, கடகம், சுளகு, உமல், கொட்டைப்பெட்டி, குட்டான், நீத்துப்பெட்டி. நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்து மணல் நிலமும் கொட்டியாரக்குடாவுக்குத் தெற்கே சம்பூர்ப் பக்கமும் பனைக்கு இணக்கமானவை. ஆகவே திருகோணமலையில் இருந்துகொண்டு இழைக்கத் தொடங்குபவர் பனையை விட்டு வேறெங்கும் போகத் தேவையில்லை என்பது என் எண்ணம்.

ஆனால் விரல்களுக்கு முதல் பாடமாகக் கிடுகை வைத்துக்கொள்ளுங்கள். இதைச் சொன்னால் சிலர் முகம் சுளிக்கிறார்கள்; கூரைக்கும் வேலிக்கும் போகிற கிடுகில் என்ன கலை என்று கேட்கிறார்கள். கிடுகுக்கு ஒரு பெரிய வசதி உண்டு. தென்னோலையை நடுமட்டையோடு இரண்டாகப் பிளக்கும்போது எல்லா ஓலைகளும் ஒரு முனையில் மட்டையோடு ஒட்டியே இருக்கின்றன. பாதி வேலையை மட்டை பிடித்து வைத்திருக்கிறது. நீங்கள் மறுமுனையை மட்டும் மேலும் கீழுமாக நுழைத்துக்கொண்டு போனால் போதும். எந்த ஓலை மேலே போனது, அடுத்தது எங்கே நுழைய வேண்டும் என்பதைக் கண்ணும் விரலும் அங்கே படித்துவிடும். தண்ணீரில் நன்றாக ஊறிய ஓலையும் ஒரு மாலைப் பொழுதும் போதும்.

இனிப் பனைக்கு வருவோம். இங்கே இழைப்பதைவிட ஓலையைத் தயார்படுத்துவதுதான் பெரிய வேலை. புதிதாக வருபவர்கள் பொறுமை இழப்பதும் இந்த இடத்தில்தான்.

முற்றிய பச்சை ஓலை பெட்டிக்கு உதவாது. அது தடித்தது, மடித்தால் வெடிக்கும். காய்ந்து விழும் காவோலை வேலிக்கும் அடுப்புக்கும்தான். பெட்டிக்கு வேண்டியது குருத்தோலையும் அதையடுத்து விரியத் தொடங்கும் சார்வோலையும். வடலிகளில், அதாவது இன்னும் உயராத இளம் பனைகளில், இவற்றைத் தரையில் நின்றபடியே வெட்டலாம் என்பதால் ஏறத் தெரிந்த ஆளைத் தேட வேண்டியதில்லை. ஆனால் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பனை கிளைப்பதில்லை, அதற்கு வளரும் முனை ஒன்றுதான். ஒரு மரம் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு ஓலையைத்தான் விடுகிறது. ஒரே வடலியில் குருத்தைத் திரும்பத் திரும்ப வெட்டினால் மரம் இளைத்துவிடும். குருத்தின் அடியில் உள்ள முனையைக் காயப்படுத்தினால் மரமே போய்விடும். வளவுக்காரரிடம் கேட்டு, மரத்துக்கு ஒன்றாக எடுத்து, அடுத்த தடவை வேறு மரத்துக்குப் போவதுதான் முறை.

வெட்டிய குருத்தை விரித்து வெயிலில் போட வேண்டும். பச்சை வெளிறி, தந்தத்தின் நிறத்துக்கு வரும்வரை சில நாட்கள் அது காய வேண்டும். இங்கே நம் ஊரின் காற்றைக் கணக்கில் எடுக்காமல் முடியாது. மே முதல் செப்டம்பர் வரை தரைப்பக்கமிருந்து சூடாக வீசும் கச்சான் ஓலையை விரைவாக வெளுக்கச் செய்யும். ஓலை சேர்த்து வைக்க அதுவே நல்ல காலம். ஆனால் அதே கச்சான் இழைத்துக்கொண்டிருக்கும் ஓலையையும் கையிலேயே உலர்த்தி முறிய வைக்கும். அந்த மாதங்களில் காலையிலும் மாலையிலும் இழைப்பது நல்லது. ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை வாடையோடு வரும் மாரி இதற்கு நேர் எதிர். ஓலை வளைந்து கொடுக்கும், இழைக்கச் சுகமாக இருக்கும். ஆனால் காயாத ஓலையில் பூஞ்சணம் பிடித்துக் கரும்புள்ளி விழுந்துவிடும். கச்சானில் காயவைத்து மாரியில் இழைப்பது என்று ஆண்டைப் பிரித்துக்கொண்டால் இரண்டு காற்றும் உங்களுக்கு வேலை செய்யும்.

காய்ந்த ஓலையைத் தனித்தனியாகப் பிரித்து, நடுவில் ஓடும் ஈர்க்கை நீக்க வேண்டும். ஈர்க்கை எறிந்துவிடாதீர்கள்; தட்டுக்கும் சுளகுக்கும் அது வேண்டும். பிறகு ஓலையை ஒரே அகலமான கீலங்களாக வார வேண்டும். இதற்குச் சத்தகம் என்ற சிறு கத்தி இருக்கிறது: ஒரு பக்கம் வெட்டும் அலகு, மறுபக்கம் கூரான முனை. அலகு வார்வதற்கு, முனை, இறுகிய பின்னலுக்குள் ஓலை நுழைய வழி திறப்பதற்கு. சத்தகம் கிடைக்காவிட்டால் கூரான சிறு கத்தியும் மழுங்கிய ஒரு பெரிய ஊசியும் போதும்.

ஒரே அகலம் என்பதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். தொடக்கக்காரரின் பெட்டி கோணலாகப் போவதற்கு விரல்கள் காரணம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் காரணம் வார்ந்த ஓலைதான். நெடுக்குக் கீலங்கள் 10 மில்லிமீட்டர், குறுக்குக் கீலங்கள் 11 என்று இருந்தால் பன்னிரண்டாவது கீலத்துக்கு வரும்போது ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட 12 மில்லிமீட்டர் நீண்டு நிற்கும். அதை இழுத்துச் சரிசெய்ய முடியாது. அட்டைத் துண்டொன்றில் அகலத்தைக் குறித்து வைத்து ஒவ்வொரு கீலத்தையும் அதனோடு ஒப்பிடுங்கள். நன்றாகப் பழகிய ஆச்சிமார் பெருவிரல் நகத்தாலேயே அளந்துவிடுவார்கள்; நமக்கு அட்டை.

இழைக்கும் முன் ஓலைக்கு ஈரம் வேண்டும், ஆனால் குளிப்பாட்டக் கூடாது. நார் தண்ணீரை உறிஞ்சினால் இளகும், அதோடு அகலவாட்டில் ஊதும். ஊதிய ஓலையை இறுக்கமாக இழைத்தால் அன்றைக்குப் பெட்டி அழகாக இருக்கும். காய்ந்து சுருங்கியதும் கட்டத்துக்குக் கட்டம் வெளிச்சம் தெரியும். கையால் தண்ணீர் தெளித்து, ஈரத்துணியில் கொஞ்ச நேரம் சுற்றி வையுங்கள். மடித்தால் வெடிக்காமல் இருந்தால் போதும். பிழிந்தால் தண்ணீர் வரக் கூடாது.

முதலில் இழைக்க வேண்டியது பெட்டியல்ல, தடுக்கு. ஒருவர் உட்காரும் அளவுள்ள சிறு பாய். சில கீலங்களை நெடுக்காக அடுக்கி, குறுக்கே மற்றவற்றை ஒன்றின் மேல், ஒன்றின் கீழ் என்று நுழைத்துப் போகும் ஒற்றைப் பின்னலே இதற்குப் போதும். ஓரத்திலிருந்து தொடங்காமல் நடுவிலிருந்து தொடங்கி நான்கு பக்கமும் வளர்த்துக்கொண்டு போங்கள். ஒவ்வொரு கீலத்தையும் நடுவை நோக்கி நெருக்கி விடுங்கள். எவ்வளவு கவனமாக வார்ந்தாலும் கீலத்தின் அடி சற்று அகலமாகவும் நுனி சற்று ஒடுக்கமாகவும் இருக்கும். ஆகவே ஒன்றின் அடி இருக்கும் பக்கம் அடுத்ததின் நுனி வரும்படி மாற்றி மாற்றி வையுங்கள். பின்னல் முடிந்து ஓலை அரைக்காய்ச்சலான பிறகு இன்னொரு முறை நடுவிலிருந்து ஓரத்துக்கு எல்லாவற்றையும் இறுக்க வேண்டும். இரண்டின் மேல் இரண்டின் கீழ் என்று போகும் இரட்டைப் பின்னல் பிறகு வரட்டும். அதில் ஓலை மேலும் கீழும் குறைவாகவே வளைவதால் இன்னும் நெருக்கமாக அமரும். சாயம் காய்ச்சிய ஓலையைக் கலந்தால் சாய்வான படிக்கட்டுக் கோலங்கள் தானாக விழும்.

இப்போது மூலைக்கு வரலாம்.

பெட்டி இழைக்கப் புதிதாக முயல்பவர்கள் சதுரமாக ஒரு பின்னல் இழைத்து, அதன் நான்கு ஓரங்களையும் மேலே மடித்துச் சுவராக்கப் பார்ப்பார்கள். அப்படிச் செய்தால் சதுரத்தின் மூலைகளில் வெற்றிடம்தான் இருக்கும். அங்கே பின்னுவதற்கு ஓலையே இருக்காது. நம் பெட்டி அப்படி வருவதில்லை. அதன் மூலை, சதுரத்தின் மூலையில் பிறப்பதில்லை. பக்கத்தின் நடுவில் பிறக்கிறது.

நெடுக்கே 12, குறுக்கே 12 கீலங்களால் ஒரு சதுரம் இழைத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் 12 கீலங்களின் முனைகள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு பக்கத்தின் நடுவைக் கண்டுபிடியுங்கள்: இடப்புறம் 6, வலப்புறம் 6. நடுவில் அருகருகே நிற்கும் இரண்டு கீலங்களையும் ஒன்றன் மேல் ஒன்றாகக் குறுக்கே போடுங்கள். இடப்புறத்தது வலப்புறம் சாய்கிறது, வலப்புறத்தது இடப்புறம் சாய்கிறது. அடுத்து அவற்றுக்குப் பக்கத்துக் கீலங்களையும் அதேபோல் ஒன்றோடொன்று இழையுங்கள். இதுவரை ஒரே திசையில் சேர்ந்து ஓடிவந்த இரு கூட்டமும் இப்போது ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு போகின்றன. நீங்கள் எதுவும் மடிக்காமலேயே அந்த இடத்தில் பின்னல் எழுந்து நிற்கும்.

ஏன் எழுகிறது என்பதைக் கட்டங்களை எண்ணிப் பார்த்தால் தெரியும். தட்டையான பின்னலில் எந்தப் புள்ளியை எடுத்தாலும் அதைச் சுற்றி நான்கு கட்டங்கள் இருக்கும். ஒவ்வொன்றும் 90 பாகை, மொத்தம் 360. அதனால்தான் அது தட்டையாகக் கிடக்கிறது. நீங்கள் நடுக்கீலங்களைக் குறுக்கே போட்ட புள்ளியைச் சுற்றி மூன்று கட்டங்கள்தான் இருக்கின்றன: மொத்தம் 270 பாகை. குறைந்துபோன 90 பாகைக்கு ஈடாகப் பின்னல் தட்டைத்தன்மையை விட்டுவிட்டு மேலே எழ வேண்டியிருக்கிறது. தாயக்கட்டையின் மூலையில் மூன்று முகங்கள் கூடுவதும் இதே கணக்குத்தான். எழுதப் படிக்கத் தெரியாமல் ஓலையை மட்டும் தெரிந்த எத்தனையோ பெண்கள் இந்த வடிவக்கணிதத்தைத் தங்கள் மடியில் வைத்துச் செய்துகொண்டிருந்தார்கள் என்பதை நினைக்கும்போது எனக்கு மரியாதை மேலிடுகிறது.

நான்கு பக்க நடுவிலும் இப்படிச் செய்தால் நான்கு மூலைகள் கிடைக்கும். அவற்றை இணைத்துப் பாருங்கள்: உங்கள் சதுரத்துக்குள் சாய்வாக நிற்கும் இன்னொரு சதுரம் தெரியும். அதுதான் பெட்டியின் உண்மையான அடி. அதன் பரப்பு முதல் சதுரத்தில் சரிபாதி. நீங்கள் மூலை என்று நினைத்த நான்கு முனைகளும் மேலே எழுந்து சுவர்களின் நடுப்பகுதியாகிவிட்டன. பெட்டிச் சுவரில் ஓலைகள் நேராக நிற்காமல் எப்போதும் சாய்ந்தே ஓடுவதற்கும், நடுவில் பிரிக்க இரட்டைப்படை எண்ணிக்கையில் கீலம் எடுப்பதற்கும் காரணம் இதுவே.

அளவுக் கணக்கும் இதிலிருந்து வரும். 1 சென்ரிமீட்டர் அகலக் கீலம் 12 என்றால் முதல் சதுரம் 12 சென்ரிமீட்டர். பெட்டியின் அடி ஏறக்குறைய எட்டரை சென்ரிமீட்டர். கீலம் சாய்வாக ஏறுவதால் 8 சென்ரிமீட்டர் உயரச் சுவருக்கு ஒவ்வொரு முனையிலும் 11 சென்ரிமீட்டருக்கு மேல் செலவாகும். வாய் மடிக்க இன்னும் 5 வையுங்கள். மொத்தம் அரை மீட்டர் நீளமுள்ள கீலம் இருந்தால் கவலையில்லாமல் இழைக்கலாம்.

மூலையை முதல் முறை ஓலையில் முயலாமல் காகிதத்தில் முயன்று பாருங்கள் என்பது என் யோசனை. பழைய நாட்காட்டியின் தடித்த தாளைக் கீலங்களாக வெட்டினால் போதும். அது காயாது, வெடிக்காது, மூலையின் புதிர் விளங்கும்வரை அவிழ்த்து அவிழ்த்துப் போடலாம். விளங்கியதும் காகிதத்தை விட்டுவிடுங்கள். ஓலையின் இழுவையைக் காகிதம் கற்றுத்தராது.

வாய் மடிப்பது எளிது. வேண்டிய உயரம் வந்ததும் வலப்புறம் சாய்ந்த ஒவ்வொரு கீலத்தையும் அதைச் சந்திக்கும் கீலத்தின் மேலாக மடித்துக் கீழே திருப்பி, ஏற்கனவே உள்ள பின்னலுக்குள் இரண்டு மூன்று கட்டங்கள் நுழைத்து, மிச்சத்தை வெட்டிவிட வேண்டும். இடப்புறம் சாய்ந்தவற்றுக்கும் அப்படியே. சத்தகத்தின் கூர்முனை இங்கேதான் கைகொடுக்கும். பாரம் சுமக்கும் கடகத்துக்கு மட்டும் இது போதாது. அதைப் பெரும்பாலும் இரட்டை ஓலையில் இழைத்து, வாயைச் சுற்றிப் பனைமட்டையிலிருந்து உரித்த நாரால் பொத்துவார்கள். மூலை கைவந்த பிறகு போகலாம்.

யாரிடம் கற்பது என்ற கேள்வி கடினமானது. 1978ஆம் ஆண்டு உருவான பனை அபிவிருத்திச் சபை பனைசார் கைப்பணிகளுக்கான பணிகளைச் செய்து வருகிறது. உங்கள் பிரதேச செயலகத்தில் சிறுதொழில் தொடர்பான உத்தியோகத்தரிடம் பயிற்சி ஏதும் நடக்கிறதா என்று விசாரிக்கலாம். ஆனால் இந்தக் கைவேலை வகுப்பறையில் வளர்ந்ததில்லை. வளவில் பனை, திண்ணையில் ஆச்சி, பக்கத்தில் பேத்தி என்ற வரிசையில்தான் வளர்ந்தது. அந்த வரிசை அறுந்த இடங்கள் நம் மாவட்டத்தில் பல. சம்பூர் மக்கள் 2006இல் இடம்பெயர்ந்தார்கள். அவர்களுடைய காணிகள் விடுவிக்கப்படத் தொடங்கியது 2015இல்தான். இடையில் கிளிவெட்டி போன்ற இடங்களின் முகாம்களில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் வளர்ந்தார்கள். தன் வளவையும் அதிலிருந்த வடலியையும் பிரிந்த ஒரு பெண், பேத்திக்கு எதை எடுத்து இழைத்துக் காட்டுவாள்? ஆகவே இன்றும் இழைக்கத் தெரிந்த ஒருவர் உங்கள் தெருவிலோ உறவிலோ இருந்தால் தள்ளிப்போடாமல் போய் உட்காருங்கள். வெறுங்கையோடு போகாமல் காய்ந்த ஓலைக் கட்டொன்றைக் கொண்டுபோங்கள். இழைக்கும் வலக்கையைவிட, பின்னலை அழுத்திப் பிடித்திருக்கும் இடக்கையைக் கவனியுங்கள். ஓலை நழுவாமல் இருப்பது அதனால்தான். “மெதுவாகச் செய்து காட்டுங்கள்” என்று கேட்டால் அவர்களுக்குத் தடுமாறும்; கை ஓடும் வேகத்தில் ஓட விட்டு, மூலை வரும்போது மட்டும் “கொஞ்சம் பொறுங்கோ ஆச்சி” என்று நிறுத்தச் சொல்லுங்கள்.

முதல் பெட்டி நேராக நின்றுவிட்டால் அடுத்து மூடல் பெட்டிக்குப் போகலாம். மூடிக்கென்று தனி வித்தை கிடையாது. அதுவும் கவிழ்த்துப் போட்ட இன்னொரு பெட்டிதான். அதே 12 கீலங்களை எடுத்து, ஒவ்வொன்றையும் அரை மில்லிமீட்டர் மட்டும் அகலமாக வாருங்கள். மூடியின் அடி அதனால் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் கூடும். பெட்டியின் வாய்க்கு மேல் சிக்காமல் இறங்க அந்த இடைவெளி போதும். கீலத்தின் எண்ணிக்கையைக் கூட்டி 14 ஆக்கினால் மூடி தளர்ந்து ஆடும்.